வயிற்று டாக்டர் ஏன் இடுப்பை அளக்கிறார்?

“ஸ்கேனில் ஃபேட்டி லிவர் என்று வந்தது. வயிற்று டாக்டரிடம் போனால், மாத்திரை எழுதுவதற்கு முன் டேப்பை எடுத்து இடுப்பை அளக்கிறார், எடை பார்க்கிறார். எடை குறைக்க இவர் எதற்கு?” இப்போது பலர் கேட்கும் கேள்வி இது. நியாயமான கேள்விதான். டீயைக் கையில் எடுத்துக்கொண்டு உட்காருங்கள். கொஞ்சம் பின்னாலிருந்து தொடங்கினால்தான் விஷயம் விளங்கும்.

நம் நாட்டில் ஒருவர் இரைப்பை குடலியல் மருத்துவராக, எம்.பி.பி.எஸ். ஐந்தரை ஆண்டு, எம்.டி. மூன்று ஆண்டு, அதற்கும் மேல் டி.எம். மூன்று ஆண்டு படிக்க வேண்டும். உணவுக்குழாய் தொடங்கி ஆசனவாய் வரை உள்ள பாதை முழுவதும் அவர் பொறுப்பு. கல்லீரலும் பித்தப்பையும் கணையமும் அதில் சேர்த்தி. 1980களின் தொடக்கத்தில் இந்தப் பணிக்கு வந்த ஒரு மருத்துவரை நினைத்துக்கொள்ளுங்கள். அவருடைய பணிக்காலத்தில் இந்தத் துறை இரண்டு முறை அடியோடு மாறியது.

முதல் மாற்றம் அல்சரில் வந்தது. அன்று அல்சர் என்றால் கவலை, கோபம், காரம், நேரந்தவறிய சாப்பாடு என்றுதான் காரணம் சொல்வார்கள். நோயாளியின் சுபாவமே நோய்க்குக் காரணம் என்ற எண்ணம் மருத்துவர்களிடமும் இருந்தது. ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில் ராபின் வாரன், பேரி மார்ஷல் என்ற இரு மருத்துவர்கள் 1982இல் இரைப்பையில் வாழும் ஒரு பாக்டீரியாவை வளர்த்துக் காட்டினார்கள். அமிலம் சுரக்கும் இடத்தில் கிருமி வாழுமா என்று பலரும் நம்ப மறுத்தார்கள். 1984இல் மார்ஷல் அந்தக் கிருமியைத் தானே குடித்தார். சில நாட்களில் அவருக்கு இரைப்பை அழற்சி வந்தது. இன்று ஹெலிகோபேக்டர் பைலோரி என்று அழைக்கப்படும் அந்தக் கிருமியும் வலிநிவாரணி மாத்திரைகளுமே பெரும்பாலான அல்சருக்குக் காரணம் என்று தெரிந்துவிட்டது. ஆயுள் முழுக்கப் பத்தியம் இருந்தவர்கள் இரண்டு வார ஆன்டிபயாட்டிக்கில் குணமானார்கள். 2005இல் இருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது.

இரண்டாவது மாற்றம் கல்லீரலில் தொடங்கியது. 1980இல் அமெரிக்காவின் மேயோ கிளினிக்கைச் சேர்ந்த யூர்கன் லுட்விக், மதுவே தொடாதவர்களின் கல்லீரலிலும் குடிகாரர்களின் கல்லீரலில் காணும் அதே சேதத்தைக் கண்டு எழுதினார். அவர் பார்த்தவர்களில் பெரும்பாலானோர் பருமனானவர்கள். அன்று அபூர்வமாகத் தோன்றிய அந்த நோய் இன்று நம் தெருவில் வீட்டுக்கு வீடு பேசப்படும் ஃபேட்டி லிவர். பலருக்கு அது கொழுப்போடு நின்றுவிடும். சிலருக்கு வீக்கமாகி, தழும்பாகி, கடைசியில் கல்லீரல் இறுகிப்போகும் சிர்ரோசிஸ் வரை போகும். வலி இல்லாததால் வெளியே தெரியாது.

எடை குறைப்பதே இதற்கு இன்றும் முதல் மருந்து. உடல் எடையில் 5 சதவீதம் குறைந்தாலே கல்லீரல் கொழுப்பு இறங்கத் தொடங்கும். 7 முதல் 10 சதவீதம் குறைந்தால் வீக்கம் தணியும். 10 சதவீதத்தைத் தாண்டினால் பலருக்குத் தழும்பே குறைகிறது. 80 கிலோ இருப்பவருக்கு 8 கிலோ. கல்லீரலைக் காப்பாற்ற வேண்டிய மருத்துவர் எடையை வேறு யாரோ பார்த்துக்கொள்ளட்டும் என்று விட முடியாது. அவர் இடுப்பை அளப்பது அதனால்தான். நெஞ்செரிச்சல், பித்தப்பைக் கல், பெருங்குடல் புற்றுநோய் ஆகியவையும் பருமனோடு சேர்ந்து கூடுகின்றன.

“வாயைக் கட்டினால் போதாதா, இதற்கு மருத்துவம் வேறு வேண்டுமா?” என்பது அடுத்த கேள்வி. இங்கேதான் கொஞ்சம் பொறுமையாகக் கேட்க வேண்டும்.

பசியை மூளைக்குச் சொல்லும் செய்திகளில் பல குடலிலிருந்து கிளம்புகின்றன. மனிதன் கண்டறிந்த முதல் ஹார்மோனே குடலில் கிடைத்ததுதான். 1902இல் லண்டனில் பேலிஸ், ஸ்டார்லிங் என்ற இரு ஆய்வாளர்கள் செக்ரிடின் என்ற அந்த ஹார்மோனைக் கண்டார்கள். இரைப்பை சுரக்கும் கிரெலின் பசியைக் கிளப்பும் என்பது 1999க்குப் பிறகு தெளிவானது. சாப்பாடு குடலில் இறங்கியதும் சுரக்கும் ஜி.எல்.பி.-1 போதும் என்ற உணர்வைத் தரும். பட்டினி கிடந்து எடை குறைத்தால் உடல் அதைப் பஞ்சம் என்று எடுத்துக்கொண்டு, பசி ஹார்மோனை ஏற்றி, திருப்தி ஹார்மோன்களை இறக்குகிறது. மெல்போர்னில் 50 பேரை வைத்து நடந்து 2011இல் வெளியான ஓர் ஆய்வில், எடை குறைத்து ஓர் ஆண்டு கழிந்த பிறகும் இந்த மாற்றம் நீடித்தது தெரிந்தது. கஷ்டப்பட்டுக் குறைத்த எடை திரும்ப ஏறுவதற்கு இது ஒரு பெரிய காரணம். அல்சர்காரரின் கோபத்தைக் குறை சொன்னதும் பருமனானவரின் நாக்கைக் குறை சொல்வதும் ஒரே தவறுதான்.

இன்றைய ஊசி மருந்துகள் இந்த அறிவிலிருந்தே பிறந்தன. குடலில் இயல்பாகச் சுரக்கும் ஜி.எல்.பி.-1 ரத்தத்தில் இரண்டு நிமிடம்தான் தாக்குப்பிடிக்கும். ஹீலா மான்ஸ்டர் என்ற அமெரிக்க விஷப் பல்லியின் நஞ்சில், அதைப் போலவே வேலை செய்து நெடுநேரம் நிலைக்கும் ஒரு பொருளை ஜான் எங் என்ற ஆய்வாளர் 1992இல் கண்டார். அதிலிருந்து வந்த சர்க்கரை நோய் மருந்துக்கு 2005இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. பிறகு வாரம் ஒரு ஊசி போதுமான செமாகுளூட்டைடு வந்தது. பெரிய ஆய்வு ஒன்றில் அதைப் போட்டுக்கொண்டவர்கள் 68 வாரங்களில் சராசரியாக 15 சதவீதம் எடை குறைந்தார்கள். டிர்செபடைடு என்ற இன்னொரு ஊசியை அதிக அளவில் கொடுத்த ஆய்வில் 72 வாரங்களில் அது 20 சதவீதத்தை எட்டியது. 2025இல் வெகோவி, மவுன்ஜாரோ என்ற பெயர்களில் இவை இந்தியக் கடைகளுக்கும் வந்துவிட்டன.

இவை நல்ல மருந்துகள். ஆனால் மருந்துகள். குமட்டல், வாந்தி, மலச்சிக்கல், பேதி சாதாரணமாக வரும். அதனால்தான் குறைந்த அளவில் தொடங்கிப் படிப்படியாக ஏற்றுகிறார்கள். பித்தப்பைக் கல் வரலாம், அரிதாகக் கணைய அழற்சியும் வரலாம். குடும்பத்தில் மெடுல்லரி தைராய்டு புற்றுநோய் இருந்தவர்களும் கர்ப்பிணிகளும் போடக்கூடாது. இரைப்பை மெதுவாகக் காலியாவதால், எண்டோஸ்கோப்பிக்கோ அறுவைக்கோ போகும்போது ஊசி போடுவதை மறக்காமல் சொல்ல வேண்டும். கொழுப்போடு தசையும் கரையும் என்பதால் பருப்பு, முட்டை, மீன் போன்ற புரதமும் தசைக்கு வேலை தரும் உடற்பயிற்சியும் கட்டாயம். ஊசியை நிறுத்திய ஓர் ஆண்டில், குறைந்த எடையில் மூன்றில் இரண்டு பங்கு திரும்பியதையும் ஆய்வு காட்டியிருக்கிறது. ரத்த அழுத்த மாத்திரையைப் போல இது நீண்டகாலச் சிகிச்சை என்பதை முதலிலேயே தெரிந்துகொள்ளுங்கள்.

ஊசி ஒன்றுதான் வழி என்றில்லை. வாய்வழியே எண்டோஸ்கோப்பைச் செலுத்தி இரைப்பைக்குள் பலூன் வைக்கலாம், அல்லது உள்ளிருந்தே தையல் போட்டு இரைப்பையைச் சுருக்கலாம். இவற்றில் வயிற்றைக் கிழிப்பதில்லை. பருமன் மிக அதிகமானவர்களுக்கு அறுவை சிகிச்சை இன்னும் வலுவான வழி. யாருக்கு எது என்பதைக் கல்லீரலின் நிலை, சர்க்கரை, வயது, செலவு எல்லாம் பார்த்து முடிவு செய்ய வேண்டும். நல்ல மருத்துவர் முதல் நாளே ஊசி எழுதமாட்டார். எத்தனை மணிக்குத் தூங்குகிறீர்கள், ராத்திரி என்ன சாப்பிடுகிறீர்கள், வேறு என்ன மாத்திரை எடுக்கிறீர்கள் என்று கேட்பார். உணவு ஆலோசகரிடமும் அனுப்புவார்.

இனி நீங்கள் செய்ய வேண்டியது. வீட்டில் ஒரு டேப் எடுத்து இடுப்பை அளந்து பாருங்கள். ஆண்களுக்கு 90 சென்டிமீட்டர், பெண்களுக்கு 80 சென்டிமீட்டர் தாண்டினால் கவனம் தேவை. நம் உடல்வாகுக்கு, உயரத்தோடு எடையை ஒப்பிடும் பி.எம்.ஐ. கணக்கு 23 தாண்டினாலே அதிக எடை, 25 தாண்டினால் பருமன். மேலைநாட்டினருக்கு வைத்த 25, 30 என்ற கணக்கு நமக்கு ஆகாது. அளவு கூடியிருந்தால் சர்க்கரையையும் கல்லீரலையும் பரிசோதியுங்கள். பக்கத்து வீட்டுக்காரர் போட்டார் என்று மருந்துக்கடையில் ஊசி வாங்காதீர்கள். கல்யாண வீட்டில் பருமனான அக்காவையோ அண்ணனையோ பார்த்தால், சாப்பாட்டைக் குறைக்கச் சொல்லிக் கேலி செய்யாதீர்கள். நல்ல மருத்துவரிடம் கூடவே அழைத்துப் போங்கள்.