வலித்தால் பயம்... வலிக்காவிட்டால்?

தலைவலி வந்தால் வீட்டம்மா ஊரையே கூட்டிவிடுவார். முழங்கால் வலிக்கோ பக்கத்து வீடு, எதிர் வீடு என்று நாலு பேர் நாலு தைலம் சிபாரிசு செய்வார்கள். மார்பகத்தில் வலி என்றால் மட்டும்... மூச்! கட்டின புருஷனிடம்கூடச் சொல்வதில்லை. ராத்திரியெல்லாம் புரண்டு புரண்டு படுத்து, 'அதுவாத்தான் இருக்குமோ?' என்று தனக்குத் தானே தீர்ப்பு எழுதிக்கொள்வது!

'அது' என்றால் புற்றுநோய். பெயரைச் சொல்லவே பயம்.

முதலில் நல்ல சேதி. கட்டியோ வேறு மாற்றமோ இல்லாமல் வலி மட்டும் இருந்தால், பெரும்பாலும் அது புற்றுநோய் இல்லை.

மாதவிலக்குக்கு ஒன்றிரண்டு வாரம் முன்பே இரண்டு பக்கமும் கனத்து, அக்குள் வரை வலித்து, விலக்கானதும் குறைகிறதா? ஹார்மோன்களின் வேலை அது. பால் கணக்குக் குறிக்கும் காலண்டரிலேயே வலிக்கிற நாட்களுக்கும் ஒரு புள்ளி வையுங்கள். இரண்டு மாதம் போதும். பி.காம். படித்த புத்தி என்று சிரிக்காதீர்கள். டாக்டர் கேட்கப்போவதும் இந்தக் கணக்கைத்தான்!

தேதிக்குச் சம்பந்தமில்லாமல் வலித்தால்? குடம் தூக்கியதில் பிடித்த தசை, விலா எலும்பு சேரும் இடத்தில் வீக்கம், அளவு சரியில்லாத உள்ளாடை, சாப்பிடுகிற சில மாத்திரைகள்... இப்படிக் காரணம் பல இருக்கலாம்.

இனிதான் முக்கியமான விஷயம். வாசலில் நின்று கத்துகிற கடன்காரரைச் சமாளித்துவிடலாம். சத்தமில்லாமல் வட்டி ஏறுகிற கடன்தான் குடியைக் கெடுக்கும். மார்பகப் புற்றுநோய்க் கட்டி ஆரம்பத்தில் பெரும்பாலும் வலிப்பதில்லை. 'கட்டி மாதிரி இருக்கு, ஆனா வலிக்கலையே... பொங்கல் கழியட்டும், பார்த்துக்கலாம்' என்கிறோமே, ஆபத்து அங்கேதான்.

ஆகவே, வலி இருந்தாலும் இல்லாவிட்டாலும், இவற்றில் ஒன்று தெரிந்தால் தள்ளிப்போடாதீர்கள்: மார்பகத்திலோ அக்குளிலோ கட்டி, தோலில் குழி அல்லது ஆரஞ்சுத் தோல் போன்ற சொரசொரப்பு, காம்பு புதிதாக உள்ளே இழுத்துக்கொள்வது, ரத்தக் கசிவு, காம்பில் ஆறாத புண். ஒரே இடத்தில் விடாமல் வலித்தாலும், விலக்கு நின்ற பிறகு புதிதாக வலி வந்தாலும் டாக்டரிடம் காட்டிவிடுங்கள்.

பால் கொடுக்கும் தாய்க்கு மார்பகம் சிவந்து, சுட்டு, காய்ச்சல் வந்தால் அன்றைக்கே போக வேண்டும். நெஞ்சை அழுத்தும் வலியோடு வியர்வை, மூச்சுத் திணறல் இருந்தால் அது இதய சமாசாரமாக இருக்கலாம். உடனே 108-ஐக் கூப்பிடுங்கள்.

டாக்டர் என்ன செய்வார்? கையால் பரிசோதிப்பார். தேவைப்பட்டால் ஸ்கேன் அல்லது மேமோகிராம். கட்டி இருந்தால் ஊசி போட்டுத் துளி சதை எடுத்துச் சோதிப்பார்கள். 'ஊசி பட்டால் பரவிடும்' என்பது வீண் புரளி. கூச்சமாக இருந்தால் பெண் டாக்டரைக் கேளுங்கள். துணைக்கு அக்காவையோ சிநேகிதியையோ அழைத்துப் போங்கள்.

சொந்தத் தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்தவர் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி. அவர் முயற்சியால் அடையாறு புற்றுநோய் மருத்துவமனை 1954-லேயே வந்துவிட்டது. இன்று, சீக்கிரம் கண்டுபிடித்தால் பலருக்கு மார்பகத்தை முழுசாக எடுக்காமலேயே குணப்படுத்த முடிகிறது.

அந்தச் 'சீக்கிரம்' மட்டும் எந்த ஆஸ்பத்திரியிலும் கிடைக்காது. அதை வீட்டிலிருந்து நாம்தான் கொண்டுபோக வேண்டும்!