கண்ணைப் பார்த்து வாங்குங்கள் டிஸ்கஸ்!

சென்னை கொளத்தூரில் வண்ண மீன் வாங்கப் போகிறவர்கள், டிஸ்கஸ் தொட்டிக்கு முன்னால் வந்ததும் நின்றுவிடுவார்கள். நீலம், ஆரஞ்சு, வெள்ளையில் சிவப்புப் புள்ளி என்று வட்ட வட்டமாக மிதக்கும் மீன்கள். கண் நிறத்தில் சொக்கும், கை பர்ஸுக்குப் போகும். ஆனால் அங்கே முதலில் பார்க்க வேண்டியது நிறத்தை அல்ல, மீனின் கண்ணை.

குஞ்சாக இருந்தபோது நெரிசலான தொட்டியிலும் அழுக்குத் தண்ணீரிலும் கிடந்த டிஸ்கஸுக்கு உடம்பு வளராது. கண் மட்டும் வளர்ந்துவிடும். மூன்று அங்குல உடம்பில் முழித்துக்கொண்டு நிற்கும் பெரிய கண் என்றால், அது வயதான குள்ளன். அதற்கு நீங்கள் என்ன தீனி போட்டாலும் ஆறு அங்குலத்தைத் தொடாது. நன்றாக வளர்ந்த மீனுக்கு உடம்பு வட்டமாகவும், அதோடு ஒப்பிட்டால் கண் சிறியதாகவும் இருக்கும். நெற்றி ஒட்டிப்போய் கத்தி முனை மாதிரி தெரிந்தாலும், கழிவு வெள்ளை நூலாகத் தொங்கினாலும் வேண்டாம். குடலில் ஒட்டுண்ணி இருக்க வாய்ப்பு அதிகம். கடைக்காரரிடம் கொஞ்சம் தீனி போடச் சொல்லுங்கள். ஓடி வந்து கொத்தும் மீனை எடுங்கள். மூலையில் கறுத்துப்போய் நிற்பதை, பாதி விலைக்குக் கொடுத்தாலும் விட்டுவிடுங்கள்.

இரண்டு அங்குலக் குஞ்சு பெரிய மீனைப்போல் ஜொலித்தால் சந்தேகப்படுவது நல்லது. ஹார்மோன் கலந்த தீனியால் ஏற்றிய நிறம் வீட்டுக்கு வந்த சில வாரங்களில் வெளுத்துவிடும். தாய்லாந்தில் உருவான 'பிஜியன் பிளட்' வகையில் வேறொரு சிக்கல். மற்ற டிஸ்கஸ்கள் மிரண்டால் உடம்பில் செங்குத்தான கறுப்புப் பட்டைகள் எழும். அதைப் பார்த்தே தண்ணீரில் ஏதோ சரியில்லை என்று கண்டுபிடித்துவிடலாம். இந்த வகைக்கு அந்தப் பட்டைகளே கிடையாது. போதாததற்கு, தொட்டியின் பின்புறம் கறுப்பாக இருந்தால் உடம்பெல்லாம் மிளகுத்தூள் தூவியதுபோல் புள்ளி விழும்.

தண்ணீர் விஷயத்தில்தான் அளவுக்கு மீறிப் பயமுறுத்துகிறார்கள். டிஸ்கஸின் சொந்த ஊரான அமேசான் படுகையில் தண்ணீர் மென்மையானது, அமிலத்தன்மை உள்ளது என்பது உண்மைதான். ஆனால் நம்மிடம் கிடைப்பவை பல தலைமுறைகளாகத் தொட்டியிலேயே பிறந்தவை. பி.ஹெச். 7-ஐக் கொஞ்சம் தாண்டினாலும் தாங்கிக்கொள்ளும். தினம் ஒரு மருந்து ஊற்றி அந்த எண்ணை ஏற்றி இறக்குவதுதான் அவற்றைக் கொல்கிறது. உப்பு மிகுந்த போர் தண்ணீராக இருந்தால் ஆர்.ஓ. தண்ணீர் கலந்துகொள்ளலாம். முட்டை பொரிக்க வைக்க வேண்டுமானால்தான் மென்தண்ணீர் கட்டாயம்.

வெப்பநிலையில் மட்டும் சமரசம் கூடாது: 28 முதல் 30 டிகிரி. சென்னையில் எதற்கு ஹீட்டர் என்று கேட்பவர்கள், மார்கழி விடியற்காலையில் தொட்டியில் ஒரு தெர்மாமீட்டரைப் போட்டுப் பார்க்கட்டும்.

ஆறு குஞ்சுகளுக்கு 200 லிட்டர் தொட்டியாவது வேண்டும். ஒன்றிரண்டாக வாங்கினால் பலமானது மற்றதைத் துரத்தித் துரத்தியே பட்டினி போட்டுவிடும். மீன் வருவதற்கு நான்கைந்து வாரம் முன்பே ஃபில்டரை ஓடவிட்டு, அம்மோனியாவைத் தின்னும் பாக்டீரியாவை வளர்த்திருக்க வேண்டும். கடையில் தொட்டியையும் மீனையும் ஒரே நாளில் கட்டிக்கொடுத்தால் வாங்காதீர்கள். மாட்டு இதயத்தை அரைத்துச் செய்த தீனி போட்டால் வேகமாக வளரும். தண்ணீரும் அதே வேகத்தில் கெடும். வாரத்துக்கு இரண்டு மூன்று முறை, தொட்டித் தண்ணீரில் மூன்றில் ஒரு பங்கையாவது எடுத்துவிட்டு, குளோரின் நீக்கிய தண்ணீர் ஊற்றச் சோம்பல்படுகிறவர்கள் கப்பி வளர்க்கலாம். அதுவும் அழகான மீன்தான்.

இத்தனை பாடுபட்டு டிஸ்கஸை ஏன் வளர்க்கிறார்கள் என்பது, குஞ்சு பொரித்த ஜோடியைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். நீந்தத் தொடங்கிய குஞ்சுகள் அம்மா, அப்பா இருவர் உடம்பிலும் ஒட்டிக்கொண்டு, தோலில் சுரக்கும் சளியைத் தின்று வளர்கின்றன. இதை இங்கிலாந்தின் பிளிமத் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2010-இல் ஆராய்ந்து, முட்டையிட்ட பிறகு அந்தச் சளியில் புரதமும் நோய் எதிர்ப்புப் பொருள்களும் கூடுவதைக் காட்டினார்கள். பெற்றோரில் ஒரு மீன் களைத்தால் உடலைச் சட்டென்று சிலுப்பும். குஞ்சுக் கூட்டம் மொத்தமும் மற்றதன் மேல் தாவிக்கொள்ளும்.

அந்த ஆசையில் உடனே 'பிரீடிங் பேர்' கேட்டுப் போகாதீர்கள். டிஸ்கஸில் ஆண், பெண்ணை வெளித்தோற்றத்தில் பிரித்தறிவது கடினம். இரண்டு பெண் மீன்களே ஜோடி சேர்ந்து முட்டையிடுவதும் உண்டு. அந்த முட்டைகள் வெளுத்து, பூஞ்சை பிடித்துப் போகும். குஞ்சுகளோடு நிற்கும் ஜோடியைக் கண்ணால் பார்த்தால் மட்டும் ஜோடிக்கான விலையைக் கொடுங்கள். இல்லையென்றால் ஆறு குஞ்சுகளை வாங்கி வளருங்கள். ஒரு வருடம், ஒன்றரை வருடத்தில் அவையே ஜோடி சேர்ந்துகொள்ளும்.