‘கண்டினியூ’ காணாமல் போகும் நாள்

வீட்டு அலமாரியில் பழைய கேம் பாய் கருவி ஏதும் கிடக்கிறதா? அதில் போக்கிமோன் கோல்ட் கேட்ரிஜைச் செருகி இயக்கிப் பாருங்கள். இசை ஒலிக்கும், தலைப்பும் தோன்றும். ஆனால் முதல் வரியில் ‘கண்டினியூ’ என்று இருக்க வேண்டிய இடத்தில் ‘நியூ கேம்’ நின்றால், அண்ணனோ அக்காவோ மாதக்கணக்கில் ஆடிச் சேர்த்ததெல்லாம் அழிந்துவிட்டது என்று பொருள்.

விளையாட்டு பழுதாகவில்லை. உள்ளே இருந்த பேட்டரிதான் தீர்ந்துவிட்டது.

ஆர்.பி.ஜி. எனப்படும் பாத்திரமேற்று ஆடும் விளையாட்டுகளில் ஆடியதைச் சேமிப்பதே உயிர்நாடி. கார் பந்தயம் பத்து நிமிடத்தில் முடிந்துவிடும். ஆர்.பி.ஜி.யின் கதையோ முப்பது, நாற்பது மணி நேரம் நீளும். பழைய ஆர்.பி.ஜி.க்களைப் பற்றி மூத்தவர்கள் ஏக்கத்தோடு பேசும்போது, அந்தச் சேமிப்பும் அதைத் தொலைத்த கதையும் தவறாமல் வந்துவிடும்.

52 எழுத்து மந்திரம்

ஜப்பானில் 1986இல் வெளிவந்த டிராகன் குவெஸ்ட், வீட்டுத் தொலைக்காட்சியில் ஆடும் ஆர்.பி.ஜி.க்கு வழி வகுத்த படைப்பு. ஆடியதை நினைவில் வைத்திருக்க அதன் கேட்ரிஜில் வசதி இல்லை. அதனால் அரசரிடம் போனால் அவர் 20 எழுத்துகள் கொண்ட ஒரு ‘மந்திரத்தை’ச் சொல்வார். அதைத் தாளில் எழுதி வைத்து, அடுத்த முறை அப்படியே உள்ளிட வேண்டும். நம் நிலை, கைப்பொன், ஆயுதம் அனைத்தும் அந்த எழுத்துகளில் குறியீடாக அடங்கியிருந்தன.

1987இல் வந்த இரண்டாம் பாகத்தில் மந்திரம் 52 எழுத்துகள் வரை நீண்டது. ஓர் எழுத்து பிசகினாலும், ஏன், ஒரு புள்ளி மாறினாலும்கூட ‘மந்திரம் தவறு’ என்று திரை சொல்லிவிடும். எத்தனை பிள்ளைகள் தங்கள் கையெழுத்தையே நொந்துகொண்டிருப்பார்கள்! 1988இல் வந்த மூன்றாம் பாகம் பேட்டரியின் உதவியால் கேட்ரிஜிலேயே ஆட்டத்தைச் சேமித்தது. மந்திரம் எழுதும் வேலை ஒழிந்தது. ஆனால் சேமிப்பு தானாகவே அழிந்துபோகும் அச்சம் அதனிடத்தில் வந்து உட்கார்ந்துகொண்டது.

தம்பி அழித்த உலகம்

1996இல் ஜப்பானில் தொடங்கிய போக்கிமோன் விளையாட்டுகளில் 151 உயிரினங்கள் இருந்தன. ஆனால் சேமிக்க இருந்ததோ ஒரே ஓர் இடம். ஒரு கேட்ரிஜை இருவர் பகிர்ந்துகொண்ட வீடுகளில் சண்டைக்கு அது ஒன்றே போதும். தம்பி புதிய ஆட்டம் தொடங்கிச் சேமித்துவிட்டால், அண்ணனின் உலகம் அந்தக் கணமே மறைந்துவிடும்.

அந்த உலகத்தின் அளவு என்ன தெரியுமா? சேமிப்புக்கு ஒதுக்கப்பட்ட நினைவகம் மொத்தம் 32 கிலோபைட். கைப்பேசியில் எடுக்கும் 3 மெகாபைட் புகைப்படம் ஒன்றில் ஏறக்குறைய நூறில் ஒரு பங்கு!

ஏரித்தை மீட்க முடியவில்லை

1997இல் மூன்று வட்டுகளில் வெளிவந்தது ஃபைனல் ஃபேன்டசி 7. பிளேஸ்டேஷனின் மெமரி கார்டில் 15 சேமிப்பு இடங்கள் இருந்ததால், தவறு செய்தால் பழைய இடத்திலிருந்து மீண்டும் தொடங்கலாம் என்ற துணிவு ஆடுவோருக்கு வந்திருந்தது. அந்தத் துணிவைத்தான் முதல் வட்டின் இறுதி உடைத்தது. கூடவே நடந்து, நாம் வளர்த்தெடுத்த ஏரித் கொல்லப்படுகிறாள். எந்தச் சேமிப்பிலிருந்து ஆடினாலும் அவளைக் காப்பாற்ற முடியாது. அவளை உயிர்ப்பிக்க இரகசிய வழி உண்டென்ற வதந்திகள் பல ஆண்டுகள் உலவின. இழப்பு என்றால் என்ன என்பதை ஒரு தலைமுறைக்கு உணர்த்திய காட்சி அது.

பேட்டரியை மாற்றினால் போதுமா?

போதாது. பழைய கேம் பாய் கேட்ரிஜின் நினைவகம் மின்சாரம் இருக்கும்வரைதான் தரவை வைத்திருக்கும். பேட்டரியைக் கழற்றினால் சேமிப்பும் போய்விடும். போக்கிமோன் கோல்ட், சில்வர் விளையாட்டுகளில் இரவு பகலைக் கணக்கிடும் கடிகாரமும் அதே பேட்டரியில் ஓடுவதால் அவை இன்னும் விரைவாகத் தீர்ந்துபோகின்றன. ‘கண்டினியூ’ இன்னும் தெரிகிறது என்றால், சேமிப்பை முதலில் கணினிக்கு நகலெடுத்துவிட வேண்டும். அதற்கான சிறு கருவிகள் விற்பனையில் உள்ளன. பேட்டரி மின்பலகையோடு பற்றவைக்கப்பட்டிருக்கும் என்பதால், மாற்றும் வேலையை அனுபவமுள்ளவரிடம் விடுவதே நல்லது.

சேமிப்புக்கு நேரும் கதி விளையாட்டுகளுக்கும் நேர்கிறது. அமெரிக்காவில் 2010க்கு முன் வெளிவந்த விளையாட்டுகளில் 87 விழுக்காடு இன்று கடைகளில் புதிதாக வாங்கக் கிடைப்பதில்லை என 2023இல் வீடியோ கேம் ஹிஸ்டரி ஃபவுண்டேஷன் நடத்திய ஆய்வு கூறியது. பழைய போக்கிமோன் விளையாட்டுகள் நின்டெண்டோ 3டிஎஸ் கருவியின் இணையக் கடையில் மறுபடியும் விற்கப்பட்டன. 2023 மார்ச்சில் அந்தக் கடையில் விற்பனை நின்றதும் அவ்வழியும் அடைபட்டது.

புகழ்பெற்ற சில விளையாட்டுகள் மட்டும் தப்பித்துக்கொள்கின்றன. டிராகன் குவெஸ்ட் 3 புதுப்பொலிவுடன் 2024இல் வந்தது. ஃபைனல் ஃபேன்டசியின் முதல் ஆறு பாகங்களையும் இன்று கணினியில் ஆடலாம். பழைய ஆர்.பி.ஜி. எப்படி இருக்கும் என்று அறிய விரும்பும் மாணவர்கள் அங்கிருந்து தொடங்கலாம்.

ஆனால் விளையாட்டைத்தான் மீண்டும் வாங்க முடியும். பன்னிரண்டு வயதில் ஒருவர் தம் உயிரினத்துக்கு வைத்த செல்லப் பெயரை எந்தக் கடையிலும் வாங்க முடியாது. இன்று நம் சேமிப்புகள் பெரும்பாலும் நிறுவனங்களின் சேவையகங்களில் இருக்கின்றன. பேட்டரி தீரும் கவலை இல்லை. ஆனால் அந்தச் சேவையகத்தை என்றைக்கு நிறுத்துவது என்று முடிவெடுப்பவர் நாம் அல்லர்.

இந்த வார இறுதியில் அந்த அலமாரியைத் திறந்து பாருங்கள். ‘கண்டினியூ’ இன்னும் இருந்தால், உரியவரை அருகில் அழைத்து உட்காரவைத்து, அவர் கையிலேயே பொத்தானைக் கொடுங்கள்.