வீடியோ கேசட்டை நீங்களே கம்ப்யூட்டருக்கு மாற்றலாம்

எங்கள் நெய்வேலி டவுன்ஷிப்பில் பணி ஓய்வு பெற்றவர்கள் குவார்ட்டர்ஸைக் காலி செய்யும்போது, கல்யாண வீடியோ கேசட்டுகள் பழைய பேப்பரோடு சேர்ந்து போய்விடுவது உண்டு. போட்டுப் பார்க்க விசிஆர் இல்லை என்பதே காரணம். விசிஆரைக் கடைசியாகத் தயாரித்து வந்த ஜப்பானின் ஃபுனாய் நிறுவனமும் 2016 ஜூலையில் உற்பத்தியை நிறுத்திவிட்டது. எனவே ஓடுகிற விசிஆர் இரவல் கிடைக்கும்போதே கேசட்டுகளை மாற்றிவிடுங்கள்.

தேவையானவை: விசிஆர், யுஎஸ்பி வீடியோ கேப்சர் சாதனம், ஓபிஎஸ் ஸ்டூடியோ என்ற இலவச சாஃப்ட்வேர்.

1. கேசட்டின் கண்ணாடி வழியே டேப்பைப் பாருங்கள். வெள்ளைப் பூஞ்சை தெரிந்தால் விசிஆரில் போடாதீர்கள். அடுத்த கேசட்டுக்கும் பரவும். வீடியோ சர்வீஸ் செய்பவரிடம் கொடுத்துச் சுத்தம் செய்யுங்கள்.

2. கேசட் முதுகிலுள்ள சிறு பிளாஸ்டிக் தடுப்பை உடைத்துவிடுங்கள். தவறுதலாக ரெக்கார்ட் பட்டனை அழுத்தினாலும் படம் அழியாது.

3. மஞ்சள் வயர் படத்திற்கு. வெள்ளை, சிவப்பு ஒலிக்கு. விசிஆரின் 'அவுட்' துளைகளில் செருகுங்கள்.

4. சாஃப்ட்வேரில் வீடியோ முறையை 'பால்' என்று தேர்வு செய்யுங்கள். இந்தியக் கேசட்டுகளுக்கு 720x576, நொடிக்கு 25 ஃபிரேம். 'என்டிஎஸ்சி' என்று இருந்தால் படம் உருளும், நிறமும் போய்விடும்.

5. ரெக்கார்டிங்கைத் தொடங்கிவிட்டு, விசிஆரில் பிளே அழுத்துங்கள்.

இதில் குறுக்குவழி இல்லை. மூன்று மணி நேரக் கேசட்டுக்கு மூன்று மணி நேரம் ஆகும். எம்பி4 ஆகச் சேமித்தால் மணிக்கு 2 முதல் 3 ஜிபி போதும். ஹார்ட் டிஸ்க்கில் ஒரு காப்பி, வேறொரு வீட்டில் பென் டிரைவில் ஒரு காப்பி வையுங்கள். இரண்டையும் ஓட்டிப் பார்த்த பிறகும் கேசட்டைத் தூக்கி எறியாதீர்கள்.