நுரைப் பலகையில் ஒரு தேஜஸ்

மதுரையிலிருந்து மேலூர்ச் சாலையில் யானைமலையைக் கடந்து சென்றால், சித்திரைக்கும் புரட்டாசிக்கும் இடையே நீர் வற்றிக் கிடக்கும் கண்மாய்கள் பலவற்றைக் காணலாம். சென்ற ஆண்டு வைகாசி மாதத்தில் ஒரு நாள், அத்தகைய கண்மாய் ஒன்றின் நடுவே, கல்லூரியில் படிக்கும் என் அண்ணன் மகளும் நானும் ஒரு சிறு விமானத்தைக் கையில் ஏந்தி நின்றோம். ஆறு வாரங்கள் இரவில் கண்விழித்துச் செய்த விமானம் அது. அவள் அதனை வீசினாள். நான் கையிலிருந்த வானொலிக் கருவியால் மோட்டாரை முடுக்கினேன். விமானத்தின் மூக்கு மேல்நோக்கி எழுந்தது, எழுந்துகொண்டே போயிற்று, செங்குத்தாக ஒரு கணம் நின்றது, பிறகு பக்கவாட்டில் சரிந்து தலைகீழாக வீழ்ந்தது. வீழ்ந்த இடத்திற்குப் பத்தடி தூரத்தில் ஆடுகள் மேய்ந்துகொண்டிருந்தன. மேய்ப்பவர் ஒன்றும் சொல்லாமல் எங்களைப் பார்த்தார். அந்தப் பார்வையை நான் இன்னும் மறக்கவில்லை.

“சித்தப்பா, மோட்டாரில் குறையில்லை, பேட்டரியிலும் குறையில்லை. பின் ஏன் விழுந்தது?” என்று அவள் கேட்டாள். அந்தக் கேள்விக்கு நான் கண்ட விடையைத்தான் இங்கே சொல்லப்போகிறேன். அதற்குமுன் நாங்கள் செய்தது இன்னதென்று கூற வேண்டும்.

தேஜஸ் என்னும் போர் விமானத்தை நீங்கள் அறிவீர்கள். பெங்களூரில் உருவாகி, 2001 ஜனவரி 4-ஆம் நாள் முதன்முதலாகப் பறந்த அவ்விமானத்தின் படைப்பிரிவு ஒன்று 2018-இல் நம் கோவைக்கு அருகிலுள்ள சூலூருக்கு வந்து சேர்ந்தது. அதன் நீளம் 13.2 மீட்டர், இறக்கையின் அகலம் 8.2 மீட்டர். வால் இறக்கை கிடையாது. இறக்கை ஏறக்குறைய முக்கோண வடிவினது. பலகையில் வெட்டிச் செய்வதற்கு இதைவிட எளிய ஜெட் உருவம் கிடைப்பது அரிது. பன்னிரண்டில் ஒரு பங்காகச் சுருக்கினால், நீளம் 110 சென்டிமீட்டர், அகலம் 68 சென்டிமீட்டர்.

செய்பொருள், எழுதுபொருள் கடைகளில் ‘ஃபோம் போர்டு’ என்று விற்கிறார்களே, அந்த 5 மில்லிமீட்டர் பலகைதான். நடுவே தெர்மகோலைப் போன்ற நுரை, இருபுறமும் தாள். கலியாணப் பந்தலில் மணமக்கள் பெயரை வெட்டி ஒட்டுகிறார்களே, அந்தத் தெர்மகோலைக் கையால் வளைத்தால் படீரென்று முறிந்துவிடும். ஆனால் இருபுறமும் தாளை ஒட்டிவிட்டால் எளிதில் முறிவதில்லை. ஏன்? பலகையை வளைக்கும்போது ஒருபுறம் இழுபடுகிறது, மறுபுறம் நசுங்குகிறது, நடுப்பகுதிக்கு வேலை குறைவு. இழுவையைத் தாள் தாங்கிக்கொள்கிறது. நுரையின் வேலை, இரண்டு தாள்களையும் விலகி நிற்கச் செய்வதுதான். இரும்பு உத்தரத்தை மேலும் கீழும் தடித்தும் நடுவில் மெலிந்தும் வார்ப்பது இதே காரணத்தால்தான். ஒருபுறத்துத் தாளை உரித்துவிட்டால் பலகை பணிந்து வளையும். விமானத்தின் வளைந்த முதுகை அவ்வாறே செய்தோம். அசையும் பகுதிகளுக்குக் கீல் வேண்டுமல்லவா? நுரையைச் சாய்வாக வெட்டி, மறுபுறத்துத் தாளை மட்டும் அறுக்காமல் விட்டோம்; தாளே கீலாயிற்று. இறக்கை மடங்காதிருக்க, பட்டத்திற்கு வைப்பதுபோல் மூங்கில் சிம்பு ஒன்றைக் குறுக்கே பதித்தோம்.

வெட்டும்போது பிளேடு கூர்மையாக இருக்கட்டும். ஒரே அழுத்தில் வெட்ட முயல்வோர் நுரையைப் பிய்த்துவிடுவர். முதல் கீறல் மேல்தாளுக்கு, இரண்டாவது நுரைக்கு, மூன்றாவது அடித்தாளுக்கு. ஒட்டுவதற்குச் சூட்டில் உருகும் பசைக்குச்சி போதும். ஆனால் மதுரை வெயிலில் மூடிய காருக்குள் விமானத்தை வைத்துவிட்டுத் தேநீர் அருந்தப் போகாதீர்கள். ஒருமுறை நான் போய்விட்டு வருவதற்குள் பசை இளகி, வால்துடுப்பு சாய்ந்து கிடந்தது.

எல்லாம் சேர்ந்து எங்கள் விமானத்தின் எடை 700 கிராம். இங்கே ஒரு கணக்கைக் கவனியுங்கள். உருவத்தைப் பன்னிரண்டில் ஒரு பங்காக்கினால், இறக்கையின் பரப்பு 144-இல் ஒரு பங்காகும். கன அளவோ 1,728-இல் ஒரு பங்காகும். உண்மைத் தேஜஸின் இறக்கைப் பரப்பு 38.4 சதுர மீட்டர். அது ஏறக்கூடிய உச்ச எடை 13,500 கிலோ. ஒவ்வொரு சதுர மீட்டரும் சுமார் 350 கிலோவைத் தாங்க வேண்டும். எங்கள் இறக்கையிலோ ஒரு சதுர மீட்டருக்கு 2.6 கிலோதான். பறப்பதற்கு வேண்டிய குறைந்த வேகம் இந்தச் சுமையின் வர்க்கமூலத்தைப் பொறுத்தது. ஆகவே பெரிய விமானத்திற்கு வேண்டிய வேகத்தில் ஏறக்குறைய பன்னிரண்டில் ஒரு பங்கே எங்களுக்குப் போதும். வயல்வரப்பில் சைக்கிள் ஓட்டும் பையன் அதனோடு ஓடலாம்.

ஜெட் என்று பெயர் சொன்னேனே தவிர, உள்ளே மண்ணெண்ணெய் எரியவில்லை. எரிபொருளால் ஓடும் சிறு ஜெட் எஞ்சின்கள் உண்டு. அவற்றின் விலை மாணவர் கைக்கு எட்டாதது. குழாய்க்குள் சுழலும் மின்விசிறியும் உண்டு. ஆனால் குறுகிய விசிறி, சிறிதளவு காற்றை மிகு வேகத்தில் தள்ள வேண்டும். அகன்ற காற்றாடி, நிறையக் காற்றை மெதுவாகத் தள்ளியே அதே உந்துவிசையைத் தரும், மின்செலவும் குறையும். ஆதலால் இறக்கையின் பின்பகுதியில் ஒரு பிளவு வெட்டி, 6 அங்குலக் காற்றாடியை அதில் சுழலவிட்டோம். கண்ணுக்கு ஜெட்; மனச்சாட்சிக்குக் காற்றாடி விமானம்.

திருப்புவதற்கு இறக்கையின் பின்விளிம்பில் இரண்டு மடிப்புகள். இரண்டும் சேர்ந்து உயர்ந்தால் மூக்கு எழும். ஒன்று உயர்ந்து மற்றது தாழ்ந்தால் விமானம் பக்கம் சாயும். ஒவ்வொன்றையும் 9 கிராம் எடையுள்ள சிறு ‘சர்வோ’ மோட்டார் எஃகுக் கம்பியால் அசைக்கிறது.

இனி, விழுந்த காரணத்திற்கு வருவோம். மின்கம்பியை மிச்சப்படுத்த எண்ணி, பேட்டரியை மோட்டாருக்கு அருகே, அதாவது பின்னால் வைத்துவிட்டேன். பிழை என்னுடையது, அவளுடையதன்று. பின்விளிம்பு நேராக உள்ள ஒரு முக்கோண இறக்கையை எடுத்துக்கொள்ளுங்கள். முனையிலிருந்து பின்விளிம்பு வரை நடுக்கோடு 60 சென்டிமீட்டர் என்க. காற்றின் தாக்கம் கூடும்போதும் குறையும்போதும் அந்த மாற்றம் முழுவதும் ஏறத்தாழ அக்கோட்டின் நடுவில், முனையிலிருந்து 30 சென்டிமீட்டரில் விழுவதாகக் கொள்ளலாம். விமானத்தின் எடைமையம் அதற்கு முன்னே, 26 சென்டிமீட்டரளவில் இருக்குமானால், மூக்கு தற்செயலாக எழுந்தாலும் மிகுந்த ஏற்றவிசை பின்புறத்தைத் தூக்கி மூக்கைத் தாழ்த்திவிடும். எடைமையம் பின்னே போய்விட்டால் அதே விசை மூக்கை மேலும் தூக்கும். தூக்கத் தூக்க விசை வளரும். எங்கள் விமானத்தில் எடைமையம் இரண்டு விரற்கடை பின்னே இருந்தது. கண்மாயில் நாங்கள் கண்டது இதுவே.

இதில் வியப்பு என்னவென்றால், உண்மையான தேஜஸும் தானே நிலைகொள்ளாத விமானம்தான்! விரைந்து திரும்பும் பொருட்டு அதனை அவ்வாறே வேண்டுமென்று அமைத்தார்கள். விமானி உணருமுன்பே கணிப்பொறிகள் இடைவிடாது திருத்திக்கொண்டிருப்பதால் அது பறக்கிறது. நான் உருவத்தைப் பார்த்துச் செய்தேன். உள்ளிருந்த கணிப்பொறியைச் செய்யவில்லை.

கணிப்பொறி இல்லாத காலத்தில் என்ன செய்தார்கள்? மாருத் என்ற நம் முதல் ஜெட் போர் விமானத்தை ஜெர்மானியப் பொறியியலாளர் குர்ட் டாங்க்கின் தலைமையில் பெங்களூரில் வடிவமைத்தபோது, முதலில் எஞ்சினே இல்லாமல் அதே அளவில் ஒரு மர விமானத்தைச் செய்தார்கள். 1959 மார்ச் 21-ஆம் நாள் டகோட்டா விமானம் ஒன்று அதனைக் கயிற்றால் இழுத்து மேலே கொண்டுபோயிற்று. கயிற்றை அவிழ்த்தபின் அது மிதந்து இறங்கிய விதத்தை ஆராய்ந்தார்கள். எஞ்சின் பூட்டிய மாருத் பறந்தது 1961 ஜூன் 17-இல்தான். இரண்டு ஆண்டுகளுக்கு மேல் அவர்கள் பொறுத்தார்கள். நாங்கள் ஒரு காலைப்பொழுதுகூடப் பொறுக்கவில்லை.

அவள் அவ்விமானத்தைப் பிரித்து, மோட்டாரை மட்டும் காப்பாற்றினாள். நசுங்கிய லித்தியம் பேட்டரி வீங்கியிருந்தது. அத்தகைய பேட்டரி திடீரென்று தீப்பிடிக்கக்கூடியது. கருவேலஞ் சருகுகள் நிறைந்த இடமாதலால் வெறுந்தரையில் மணலில் புதைத்துக் காவல் இருந்தோம். பிறகு ஆடிக்காற்று வந்தது. பட்டம் விடுவோருக்குக்கூட அது மிகுதி. அந்த நாள்களில் இரண்டாம் விமானத்தை உருவாக்கினோம். இம்முறை பேட்டரி மூக்கில். இரு விரல் நுனிகளில் விமானத்தை நிறுத்தி, மூக்கு சற்றே தாழும்வரை அதனை முன்னும் பின்னும் நகர்த்தினோம். வாலில்லாத விமானமாதலால் மடிப்புகளை இரண்டு மில்லிமீட்டர் உயர்த்தி வைத்தோம்.

இடத்தையும் மறுபடி ஆராய்ந்தோம். 2021-இல் வந்த டிரோன் விதிகளின்படி, விமான நிலைய எல்லையிலிருந்து 8 முதல் 12 கிலோமீட்டர் வரை, முன் அனுமதியின்றி 200 அடிக்கு மேல் பறக்கவிடலாகாது. அதற்கு உட்பட்ட தூரத்தில் எந்த உயரத்திற்கும் அனுமதி வேண்டும். அப்பாலும் 400 அடியே வரம்பு. அவனியாபுரத்துப் பக்கம் விமான நிலையம் இருப்பதால் வடக்கே மேலூர்ப் பக்கம் சென்றோம். அங்கும் அரிட்டாபட்டிக் குன்றுகளை விட்டு விலகினோம்; அங்கே வல்லூறுகள் கூடுகட்டுகின்றன.

புரட்டாசி பிறந்து காற்று தணிந்தது. கண்மாய்க்கு நீர் வருமுன் ஒரு விடியலில் போனோம். முதலில் மோட்டாரை ஓடவிடாமல், எதிர்காற்றில் தோளுயரத்திலிருந்து மெல்ல வீசினாள். மூக்குக் குத்தியது. பேட்டரியை ஒரு நெல்மணி அளவு பின்னே தள்ளினோம். மறுபடி வீசினாள். இவ்வாறு பதினொரு முறை. பன்னிரண்டாம் முறை அது நூல் பிடித்தாற்போல் மிதந்து, வயிற்றால் புல்லைத் தடவி நின்றது.

அதன் பிறகே மோட்டாரைத் திருகினேன். யானைமலையின் மேல் கதிரவன் எழும் நேரம். நான்கு நிமிடம் அது கண்மாயைச் சுற்றிச் சுற்றி வந்தது. ஆடுகளை ஓட்டி வந்த அதே மனிதர், இம்முறை கரையின் மேலேயே ஆடுகளை நிறுத்திவிட்டு, விமானம் இறங்கும்வரை குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தார். இறங்கியபின் அவள் அதனை அவரிடம் நீட்டினாள். கையில் வாங்கி எடை பார்த்தவர், “இவ்வளவுதானா?” என்றார்.