கையெழுத்துக்கு முன் கணக்கு

ஆந்திரப் பிரதேசத்தின் சித்தூர் மாவட்டம் தமிழ்நாட்டையும் கர்நாடகத்தையும் எல்லைகளாகக் கொண்டது. சித்தூர், குப்பம் முதலிய ஊர்களில் தமிழ் பேசும் குடும்பங்கள் பல வாழ்கின்றன. தலைமுறைகளாக அங்கு வாழ்வோரும் உளர்; வேலை தேடிச் சென்றோரும் உளர். வீட்டில் தமிழ் பேசும் தாய், தெலுங்கிலோ ஆங்கிலத்திலோ அச்சிட்ட கடன் படிவத்தில் கையெழுத்திட வேண்டியுள்ளது. படிக்க இயலாத தாளில் இடும் கையெழுத்து, குடும்பத்தின் பல மாத உழைப்பை விழுங்கிவிடக்கூடும். இதனைத் தடுக்க உதவுவது நிதிக் கல்வி.

வட்டியின் இரு முகங்கள்

ஒருவர் ரூ.10,000 கடன் பெற்று, 12 மாதத் தவணைகளில் அடைக்கிறார் எனக் கொள்வோம். ஆண்டு வட்டி 12 விழுக்காடு. முதலில் பெற்ற முழுத்தொகைக்கும் ஆண்டு முழுவதும் வட்டி கணக்கிட்டால், வட்டி ரூ.1,200 ஆகும். மாதந்தோறும் அசலில் சம பங்கைச் செலுத்தி, எஞ்சிய அசலுக்கு மட்டும் வட்டி கணக்கிட்டால், வட்டி ரூ.650 மட்டுமே. விழுக்காடு ஒன்றே, செலுத்தும் வட்டியோ ஏறத்தாழ இருமடங்கு வேறுபடுகிறது. 'நூற்றுக்கு மூன்று வட்டி' என்பதும் இத்தகையதே. மாதம் மூன்று ரூபாய் என்பது ஆண்டுக்கு 36 விழுக்காடு ஆகும்.

குழுவே பள்ளியாதல்

பத்து முதல் இருபது பெண்கள் கூடிச் சிறுதொகை சேமித்து, அதிலிருந்து தமக்குள் கடன் வழங்கிக்கொள்வது சுய உதவிக் குழு. மைராடா என்னும் தொண்டு நிறுவனம் குப்பம் வட்டாரத்திலும் இத்தகைய பணிகளை மேற்கொண்டது. எல்லைக்கு இப்பால் தருமபுரியில் 1989ஆம் ஆண்டு மகளிர் குழுத் திட்டம் தொடங்கியது. 1992இல் நபார்டு வங்கி, இத்தகைய குழுக்களை வங்கிகளுடன் இணைக்கும் முன்னோடித் திட்டத்தைத் தொடங்கியது. குழுவில் ஒவ்வொரு கூட்டத்திலும் வரவு, செலவு, நிலுவை ஆகியன உரக்கப் படிக்கப்படும். எழுதப் படிக்க அறியாதவரும் அதனைக் கேட்டே கணக்கு அறிந்தனர்.

2010 தந்த பாடம்

பின்னர்ச் சிறுகடன் நிறுவனங்கள் பெருகின. ஒரே குடும்பம் பல நிறுவனங்களிடம் கடன் பெற்றது. ஒன்றை அடைக்க மற்றொன்றை வாங்கியது. வாரத் தவணை கட்ட இயலாத குடும்பங்கள் பெருந்துயருற்றன. 2010 அக்டோபரில் ஆந்திர அரசு அவசரச் சட்டம் பிறப்பித்தது. நிறுவனங்கள் பதிவு செய்துகொள்ள வேண்டும். தவணையை மாதந்தோறும் பொது இடத்தில் பெற வேண்டும் என அது விதித்தது. கடன் எளிதாகக் கிடைத்த அளவிற்கு அதனைப் பற்றிய அறிவு கிடைக்கவில்லை என்பதே அந்நிகழ்வு உணர்த்திய பாடம்.

எங்கே கேட்கலாம்?

மாவட்ட முன்னோடி வங்கிகள் நடத்தும் நிதி எழுத்தறிவு மையங்களில் கட்டணமின்றி விளக்கம் பெறலாம். இந்திய ரிசர்வ் வங்கியின் விழிப்புணர்வுக் கையேடு தமிழிலும் தெலுங்கிலும் கிடைக்கிறது. வங்கிச் சேவை பற்றிய முறையீட்டிற்கு 14448 என்னும் எண்ணையும், இணையவழிப் பணமோசடிக்கு 1930 என்னும் எண்ணையும் அழைக்கலாம். 2022 முதல் நடப்பில் உள்ள ரிசர்வ் வங்கி நெறிமுறைப்படி, சிறுகடன் பெறுவோருக்கு அவர்கள் அறிந்த மொழியில் விவரங்களைத் தருதல் வேண்டும். காலை 9 மணிக்கு முன்பும் மாலை 6 மணிக்குப் பின்பும் தவணை கேட்டு அழைத்தல் கூடாது.

இரண்டு மூன்று மொழிகள் கற்கும் மாணவர், வீட்டிலுள்ள கடன் அட்டையைப் பெரியோர்க்குப் படித்துக் காட்டலாம். பள்ளியில் கற்ற எழுத்தும் எண்ணும் அப்போது வீட்டைக் காக்கும்.

பயிற்சி

1. நூற்றுக்கு இரண்டு வட்டி எனில், ஆண்டு வட்டி எத்தனை விழுக்காடு?
2. ரூ.650 என்னும் வட்டி எவ்வாறு வந்தது? மாதவாரியாகக் கணக்கிட்டு அட்டவணை இடுக.
3. கையெழுத்திடுமுன் கேட்க வேண்டிய வினாக்கள் ஐந்தினைப் பெரியோரிடம் கலந்து பேசி எழுதுக.