குடும்பத்தோடு பார்க்கும் படம் எது?

ஆனி பிறந்து மேற்கு மலையில் மேகம் கவியத் தொடங்கிவிட்டால், தென்காசி, குற்றாலம் வட்டாரத்து இல்லங்களில் விருந்தினருக்குக் குறைவிருக்காது. மேலப்பாளையத்திலிருந்தும் காயல்பட்டினத்திலிருந்தும் வரும் உறவினர்கள் ஐந்தருவியிலும் பழைய அருவியிலும் குளித்துவிட்டு, மாலையில் வீடு திரும்புவர். மஃரிப் தொழுகை முடிந்துவிடும். வெளியே சாரல் நின்றபாடிராது. கூடம் நிறைய ஆட்கள். அப்போது யாரேனும் ஒருவர், “எல்லோரும் சேர்ந்து பார்ப்பது போல ஒரு படம் போடுங்களேன்” என்பார்.

கேட்பது எளிது, தேர்வதுதான் கடினம். வாப்பும்மா முதல் பேரப்பிள்ளை வரை ஒரே பாயில் அமர்ந்து, யாரும் தலைகுனியாமல், யாரும் எழுந்து போகாமல் பார்க்கத்தக்க படம் எது? நான் திரைக்கலை கற்றவன் அல்லன். ஓய்வு கிடைக்கும்போது வீட்டாருடன் அமர்ந்து பார்க்கும் சாதாரணப் பார்வையாளன். அந்த அளவில் என் கருத்துகளை வாசகர்முன் வைக்கிறேன்.

அன்று ஒரு பெட்டி

1980களில் வளைகுடா நாடுகளுக்குப் பிழைக்கச் சென்ற நம்மவர்கள் விடுமுறையில் வரும்போது வீடியோ டெக்கும் கொண்டுவந்தனர். ஒரு வீட்டில் டெக் இருந்தால் தெருவே அங்கு கூடும். பெட்டி ஒன்றே, ஆகவே எல்லோருக்கும் பொருந்தும் படத்தையே தேட வேண்டியிருந்தது. பெரியவர் ஒருவர் கனைத்தால் கேசட் நின்றுவிடும்.

இன்றோ ஆளுக்கொரு கைப்பேசி. பிள்ளை ஒரு மூலையில், தாய் ஒரு மூலையில், தந்தை வேறோர் அறையில். குடும்பப் படம் குறைந்துவிட்டது என்று வருந்துகிறோம். உண்மையில், சேர்ந்து பார்க்கும் குடும்பம்தான் குறைந்துவிட்டது. பிள்ளை தனியே பார்ப்பது இன்னதென்று நமக்குத் தெரியாது. அதைப் பற்றி அவன் மனத்தில் எழும் கேள்வியும் நம்மிடம் வருவதில்லை. கவலைக்குரியது இதுவேயன்றோ?

சான்றிதழ் போதுமா?

1952ஆம் ஆண்டுத் திரைப்படச் சட்டத்தின்படி தணிக்கை வாரியம் படங்களுக்குச் சான்றிதழ் அளிக்கிறது. ‘யு’ அனைவருக்கும் உரியது. ‘ஏ’ வயது வந்தோருக்கு மட்டும். 1983இல் இடைப்பட்ட ‘யு/ஏ’ சேர்ந்தது. 2023ஆம் ஆண்டுத் திருத்தத்தால் அது 7, 13, 16 என மூன்று வயதுப் படிகளாகப் பிரிக்கப்பட்டது. இணையத்தின் வழி வீட்டுக்கு வரும் படங்களுக்கும் 2021ஆம் ஆண்டு விதிகள் இத்தகைய வயதுக் குறியீட்டைக் கட்டாயமாக்கியுள்ளன. 13 வயதும் அதற்கு மேற்பட்டதுமான பிரிவுகளைப் பெற்றோர் பூட்டிவைக்கவும் வழி உண்டு. தாய்மார்கள் இதனை அறிந்துகொள்வது நலம்.

எனினும் சான்றிதழ் வாயிற்காவலரைப் போன்றது. ஆகாததைத் தடுக்குமேயன்றி, நல்லதை அழைத்துவந்து அமர்த்தாது. ‘யு’ பெற்ற எத்தனையோ படங்களில் குடிகாரனின் தள்ளாட்டம் நகைச்சுவையாகிறது. விருப்பமில்லாத பெண்ணைத் துரத்துவது காதலாகிறது. கருத்த நிறமும் பருத்த உடலும் கேலிக்குரியவையாகின்றன. நாம் சிரித்தால் பிள்ளையும் சிரிக்கிறது. அச்சிரிப்பு மறுநாள் பள்ளிக்கூடத்திற்கும் உடன் போகிறது.

ஒரு சோடிக் காலணி

அப்படியானால் நல்ல குடும்பப் படம் எது? ஈரானிய இயக்குநர் மஜீத் மஜீதி 1997இல் எடுத்த ‘சில்ட்ரன் ஆஃப் ஹெவன்’ என் முதல் விடை. அயல்மொழிப் படங்களுக்கான ஆஸ்கர் பரிசின் இறுதிப் பட்டியலில் இடம்பெற்ற படம் அது. 2022இல் ‘அக்கா குருவி’ என்னும் பெயரில் தமிழிலும் மறுஆக்கம் கண்டது.

கதை மிகச் சிறிது. தங்கை ஸஹ்ராவின் காலணியைத் தைத்து வாங்கிவரும் அலீ, வழியில் அதைத் தொலைத்துவிடுகிறான். வீட்டில் வாடகைப் பாக்கி, தாய்க்கு உடல்நலமில்லை. தந்தையிடம் சொல்ல மனமின்றி, ஒரே சோடிக் காலணியை அண்ணனும் தங்கையும் மாற்றி மாற்றி அணிந்து பள்ளிக்கு ஓடுகிறார்கள்.

பள்ளிவாசலுக்கு உரிய சர்க்கரைக் கட்டியைத் தந்தை வீட்டில் அமர்ந்து துண்டாக்கிக்கொண்டிருக்கும் காட்சி ஒன்று உண்டு. மகள் தேநீர் தருகிறாள். அவர் சர்க்கரை கேட்கிறார். முன்னால் குவிந்து கிடக்கிறதே என்கிறாள் சிறுமி. அது பள்ளிவாசலுடையது என்று கூறி, ஒரு துண்டும் எடுக்க மறுக்கிறார் அந்த ஏழை. ‘அமானிதம்’ என்பதை ஒரு மணி நேரம் விளக்கினாலும் பிள்ளைகள் மனத்தில் இவ்வாறு பதியுமா?

தன் காலணியை வேறொரு சிறுமி அணிந்திருப்பதைக் காணும் ஸஹ்ரா, அண்ணனுடன் அவள் வீடு வரை செல்கிறாள். அச்சிறுமியின் தந்தை பார்வையற்றவர் என்று கண்டதும், இருவரும் ஒரு சொல்லும் பேசாமல் திரும்பிவிடுகின்றனர். இக்காட்சியில் அறிவுரை ஏதும் இல்லை. பார்ப்பவர் நெஞ்சம்தான் பேசுகிறது. மொழி தெரியாத குறையும் பெரிதன்று. அடியில் ஓடும் ஆங்கில வரிகளைப் படித்த பிள்ளை தமிழில் சொல்ல, பாட்டி கேட்பதும் ஓர் இன்பமே.

நம் தமிழிலும்

தமிழில் ஏ.வி.எம். தயாரிப்பில் விசு இயக்கிய ‘சம்சாரம் அது மின்சாரம்’ (1986) தேசிய விருது பெற்றது. பணக் கணக்கால் பிளவுபடும் வீட்டின் நடுவே கோடு கிழிக்கும் கதை. இறுதியில் மூத்த மருமகள், ஒரே கூரையின்கீழ் கசப்போடு வாழ்வதைவிடத் தனித்திருந்து அன்போடு கூடுவதே மேல் என்று முடிவெடுக்கிறாள். ஒருவர் வெளிநாட்டில் உழைக்க, மற்றவர் ஊரில் செலவிடும் நம் கூட்டுக் குடும்பங்களில் மாமியாரும் மருமகளும் அருகருகே அமர்ந்து பார்க்க வேண்டிய படம். முடிவை எல்லோரும் ஏற்க வேண்டுவதில்லை. மனம் விட்டுப் பேசுவதற்கு அது ஒரு வாயில்.

எம். மணிகண்டனின் ‘காக்கா முட்டை’ (2015) மற்றொன்று. விளம்பரத்தில் கண்ட பீட்சாவுக்கு ஏங்கும் குடிசைச் சிறுவர் இருவர், கடைசியில் அதைச் சுவைத்துவிட்டு, ஆயா சுட்டுத் தந்த தோசையே மேல் என்கின்றனர்.

இன்னும் ஒன்று சொல்ல வேண்டும். தொப்பி அணிந்தவர் திரையில் தோன்றினால் கையில் துப்பாக்கி இருக்கும் என்று நம் பிள்ளைகளே எதிர்பார்க்கும் காலம் வந்துவிட்டது. இச்சூழலில் 1961இல் வெளிவந்த ‘பாவமன்னிப்பு’ படத்தை அவர்களுக்குக் காட்டலாம். இந்துக் குடும்பத்தில் பிறந்து, முஸ்லிம் பெரியவரால் வளர்க்கப்பட்டு, ரஹீம் என்ற பெயருடன் ஊருக்கு உழைக்கும் பாத்திரத்தில் சிவாஜி கணேசன் நடித்தார். தமிழ்நாடே அந்த ரஹீமைத் தன் பிள்ளையாக ஏற்றுக் கொண்டாடியது என்பதை நம் இளையோர் அறிய வேண்டும்.

செய்ய வேண்டியது

படத்தைப் பெரியவர் ஒருவர் முன்னரே பார்த்துவிடட்டும். வாரம் ஒரு மாலை, கைப்பேசிகளை ஒதுக்கிவைத்து, எல்லோரும் ஒரே திரைமுன் அமரட்டும். தொழுகை நேரம் வந்தால் படம் காத்திருக்கட்டும். முடிந்ததும் உடனே விளக்கை அணைத்துவிடாமல், “உனக்கு எது பிடித்தது?” என்று கடைக்குட்டியிடம் முதலில் கேளுங்கள்.

படம் முடிந்தபின் வீட்டில் பேச்சு தொடங்கினால், அதுவே குடும்பப் படம்.